சார்ஜில் ஒன்று 14.1, இன்னொன்று 14.7: இரண்டில் எது கெட்ட பேட்டரி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி, நீர் ஊற்றும் டியூபுலர் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டாகச் சோலாரில் ஓட்டுகிறீர்கள். வயது மூன்று ஆண்டு. கொஞ்ச நாளாகக் காலை பதினொரு மணிக்கே கன்ட்ரோலர் 'ஃபுல்' காட்டுகிறது. இரவிலோ இரண்டு மணி நேரத்தில் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிக்கிறது. சார்ஜ் ஏறி முடியும் கட்டத்தில் மொத்தம் 28.8 வோல்ட், அதில் இடது பேட்டரி 14.1, வலது 14.7. நிறுத்தி இரண்டு மணி நேரம் கழித்து அளந்தால் இடது 12.4, வலது 12.5. அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் இடது பேட்டரியின் மூன்றாம் செல் மட்டும் 1.140, மற்ற பதினொன்றும் 1.235ஐ ஒட்டி. அந்த மூன்றாம் செல்லில் குமிழியே வருவதில்லை. ஆனால் நீரை மடமடவென்று குடிப்பது வலது பேட்டரி. கடைக்காரர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார். நண்பர் மூன்றாம் செல்லில் கொஞ்சம் ஆசிட் ஊற்றச் சொல்கிறார்.

முதலில் ஒன்று: ஆசிட் ஊற்றாதீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் கொடுத்த எண்களை வைத்துப் பார்த்தால், இடது பேட்டரியின் மூன்றாம் செல்லுக்குள் தகடுகள் எங்கோ மெல்ல ஷார்ட் ஆகியிருக்கின்றன என்பதுதான் என் சந்தேகம். வலது பேட்டரி பெரும்பாலும் நல்ல பேட்டரி. அது நீர் குடிப்பது அதன் குற்றம் இல்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்றால், கூட்டல் கழித்தல்தான். வலது பேட்டரியில் ஆறு செல்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் 14.7ஐ ஆறால் வகுத்தால் செல் ஒன்றுக்கு 2.45 வோல்ட். இடது பேட்டரியின் நல்ல செல்கள் ஐந்தும் அதே மின்னோட்டத்தைத்தான் பார்க்கின்றன, அதே கிராவிட்டியில், அதாவது ஹைட்ரோமீட்டர் காட்டும் அதே அமில அடர்த்தியில், இருக்கின்றன; ஆகவே அவையும் 2.45 பக்கம் இருக்கும். ஐந்து மடங்கு 12.25. இடது பேட்டரியின் 14.1-ல் இதைக் கழித்தால் மூன்றாம் செல்லுக்கு மிஞ்சுவது 1.85 வோல்ட்.

இந்த 1.85ஐக் கொஞ்சம் நேரம் உற்றுப் பாருங்கள். ஈய அமில செல் சும்மா இருக்கும்போது அதன் வோல்ட்டேஜ் ஏறக்குறைய கிராவிட்டியோடு 0.84ஐக் கூட்டினால் வருவது. 1.140 உள்ள செல் சும்மா இருந்தாலே 1.98 காட்ட வேண்டும். சார்ஜ் ஏற்றும்போது அதற்கு மேலே போக வேண்டும். எவ்வளவு மேலே என்பதில்தான் செல்லுக்குச் செல் வித்தியாசம். உங்கள் மூன்றாம் செல்லோ, வெளியிலிருந்து மின்னோட்டம் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே தன் ஓய்வு வோல்ட்டேஜுக்குக் கீழே நிற்கிறது. சார்ஜின் கடைசிக் கட்டத்தில் நான்கைந்து ஆம்பியர் உள்ளே போகிறது என்றால், அதைவிட அதிகமாக உள்ளுக்குள்ளேயே ஏதோ ஒரு பாதையில் ஒழுகுகிறது. ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுகிற கதை.

சல்பேஷனாக இருந்தால் இதற்கு நேர் எதிராக நடக்கும். தகட்டில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுப் போன செல்லும் கிராவிட்டியைக் குறைவாகத்தான் காட்டும். ஆனால் அதற்குள் மின்னோட்டம் நுழைவதே சிரமம் என்பதால் சார்ஜில் அதன் வோல்ட்டேஜ் சட்டென்று எகிறும், 2.6, 2.7 கூடப் போகும், சீக்கிரமே குமிழியும் விடும். கிராவிட்டி குறைவு, சார்ஜ் வோல்ட்டேஜ் அதிகம் என்றால் சல்பேஷன் பக்கம் பாருங்கள். கிராவிட்டி குறைவு, சார்ஜ் வோல்ட்டேஜும் குறைவு, குமிழி இல்லை, தொட்டால் மற்றவற்றைவிடச் சூடு என்றால் ஷார்ட் பக்கம். ஹைட்ரோமீட்டர் மட்டும் வைத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். மல்டிமீட்டர் மட்டும் வைத்திருப்பவரோ, இரண்டு மணி நேரம் கழித்து 12.4, 12.5 என்று பார்த்துவிட்டு 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று போய்விடுவார். ஒரு செல் இவ்வளவு கீழே போனாலும் ஓய்வில் மொத்த வோல்ட்டேஜில் வெறும் 0.1 வித்தியாசம்தான் வரும் என்பதை உங்கள் எண்களே காட்டுகின்றன. பேட்டரி நோயைத் தனி எண் எதுவும் சொல்லாது. இரண்டு எண்கள் எங்கே ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்று பார்த்தால்தான் தெரியும்.

மற்ற அறிகுறிகளும் இந்தக் கதைக்குள் அப்படியே வந்து உட்காருகின்றன. கன்ட்ரோலருக்கு 28.8 என்ற மொத்தக் கணக்கு மட்டும்தான் தெரியும். பன்னிரண்டு செல்லுக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 2.40. மூன்றாம் செல் தன் பங்கில் அரை வோல்ட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளாமல் விடுவதால், அந்த மிச்சம் மற்ற பதினொன்றின் தலையில் ஏறுகிறது. 2.35-லிருந்து 2.40க்குள் வாயு கிளம்ப ஆரம்பித்துவிடும் என்பதால், தினமும் 2.45-ல் நிற்கிற செல்கள் நீரை இழக்கத்தான் செய்யும். வலது பேட்டரியில் ஆறு செல்லும் அப்படி நிற்கின்றன, இடதில் ஐந்துதான். அதோடு உங்கள் கண் முதலில் போனதும் வலது பக்கம். இடது பேட்டரியின் மற்ற ஐந்து செல்களையும் தனித்தனியாகக் கவனித்தால் அவையும் ஏறக்குறைய அதே அளவு நீர் கேட்பதைப் பார்ப்பீர்கள்.

காலையிலேயே 'ஃபுல்' ஆவதும் அப்படித்தான். இரவில் லோடு போட்டதும் மூன்றாம் செல்லில் இருந்த கொஞ்ச நஞ்சமும் தீர்ந்து, அதன் வோல்ட்டேஜ் பூஜ்யத்துக்குச் சரிகிறது. மற்ற பதினொன்றும் அதே மின்னோட்டத்தை அதன் வழியே தள்ளுவதால், அதற்கும் கீழே போய்த் தலைகீழாகவே சார்ஜ் ஆக ஆரம்பிக்கும். மொத்தத்தில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் போய்விட்டால் இன்வெர்ட்டர் 'பேட்டரி காலி' என்று நினைத்துக்கொண்டு கத்துகிறது. உண்மையில் மற்ற பதினொரு செல்களும் பாதிகூடக் காலியாகவில்லை. எடுத்தது கொஞ்சம்தான், ஆகவே காலையில் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. கன்ட்ரோலர் பொய் சொல்லவில்லை.

சரி, இவ்வளவும் உங்கள் அளவுகள் சரியாக இருந்தால்தான். இங்கேதான் நான் ஒரு முறை சூடு பட்டிருக்கிறேன். லோடு போட்டதும் படுத்துவிடுகிற பேட்டரி ஒன்றை 'உள்ளே செல் போய்விட்டது' என்று தீர்ப்பு எழுதி, புதியது வாங்கி மாட்டினேன். புதியதும் படுத்தது. கடைசியில் பார்த்தால் கேபிள் லக் (கம்பியின் நுனியில் நசுக்கி மாட்டும் உலோக வளையம்) சரியாக நசுக்கப்படவில்லை; வெளியே பளபளப்பு, உள்ளே பாதிக் கம்பி தொடவே இல்லை. அன்றிலிருந்து மீட்டர் முனையை லக்கின் மேல் வைப்பதை விட்டுவிட்டேன். பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே நேராக வைத்து அளக்க வேண்டும். அப்புறம் லோடு ஓடும்போது ஒரு முனையைக் கம்பத்திலும் இன்னொன்றை அதே கம்பத்து லக்கிலும் வைத்துப் பாருங்கள். சில மில்லிவோல்ட் வந்தால் பரவாயில்லை. ஐம்பது, நூறு என்று வந்தால் அந்த இணைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் அடுத்த வேலை. உங்கள் 14.1 லக்கில் அளந்ததா, கம்பத்தில் அளந்ததா என்று கேள்வியில் இல்லை.

ஹைட்ரோமீட்டருக்கும் இதே சந்தேகம் வேண்டும். நான்கைந்து முறை உறிஞ்சி அதே செல்லில் திருப்பி விட்டபிறகு அளந்தீர்களா? மிதவையில் குமிழி ஒட்டியிருந்ததா? திரவ மட்டத்தைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படித்தீர்களா? வெப்பத்துக்கான திருத்தம் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.0007, அமிலம் அடிப்படை வெப்பநிலையைவிட 15 டிகிரி சூடாக இருந்தால் அளவோடு 0.010 கூட்டிக்கொள்ள வேண்டும். அடிப்படை 25 டிகிரியா 27 டிகிரியா என்பது பேட்டரியோடு வந்த தாளில் இருக்கும். ஒரே பேட்டரியின் செல்களை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது இந்தத் திருத்தம் பெரிய விஷயம் இல்லை. ஒரு செல் மட்டும் 0.095 தள்ளி நிற்கும்போது அதை வெப்பத்தின் மேல் பழி போட முடியாது. முழு சார்ஜில் டியூபுலர் வகைக்கு 1.240, வண்டி பேட்டரிக்கு 1.265 முதல் 1.280 என்று வகைக்கு வகை மாறும் என்பதும் நினைவிருக்கட்டும். வண்டி பேட்டரி அட்டவணையை வைத்துக்கொண்டு டியூபுலரை 'பாதிதான் ஏறியிருக்கிறது' என்று முடிவு கட்டி, அதை நாள் கணக்கில் வறுத்தெடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கிராவிட்டியில் இன்னொரு பெரிய ஏமாற்று உண்டு: அடுக்குப் பிரிதல். சார்ஜ் ஏறும்போது தகட்டிலிருந்து வெளியேறும் அமிலம் கனமானது, கீழே இறங்கிவிடும். குமிழி வந்து கலக்கினால்தான் மேலும் கீழும் ஒன்றாகும். உயரமான டியூபுலர் செல்களில் இது இன்னும் மோசம். ஹைட்ரோமீட்டர் குழாய் போவது மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வரைதான். ஆகவே செல் உண்மையில் நிரம்பியிருந்தாலும் மேலே 1.190 காட்டலாம். நேற்றுதான் நீர் ஊற்றினீர்கள் என்றாலும் இதே கதை. இலேசான நீர் மேலே படுத்திருக்கும்.

இதைப் பிடிக்க நான் மேலே சொன்ன 0.84 கணக்கு போதும். ஆறு செல்களின் கிராவிட்டியைக் கூட்டி, அதோடு ஆறு முறை 0.84, அதாவது 5.04ஐச் சேருங்கள். பேட்டரி பல மணி நேரம் ஓய்வெடுத்தபின் அதன் வோல்ட்டேஜ் இந்தக் கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில் வர வேண்டும். உங்கள் வலது பேட்டரி: ஆறு 1.235 சேர்ந்து 7.41, அதோடு 5.04, ஆக 12.45. நீங்கள் அளந்தது 12.5. இடது: ஐந்து 1.235உம் ஒரு 1.140உம் சேர்ந்து 7.315, அதோடு 5.04, ஆக 12.355. அளந்தது 12.4. இரண்டும் ஒத்துப்போகின்றன, சார்ஜ் நிறுத்தியதும் தகட்டின் மேற்பரப்பில் தங்கிவிடும் கூடுதல் வோல்ட்டேஜ் இரண்டு மணி நேர ஓய்வில் முழுதும் இறங்கியிருக்காது என்பதால் அந்தச் சின்ன மிச்சம் இயல்பு. ஆகவே உங்கள் ஹைட்ரோமீட்டரை நம்பலாம் என்றே நினைக்கிறேன். அளந்த வோல்ட்டேஜ் கூட்டுத்தொகையைவிட 0.2, 0.3 அதிகமாக இருந்திருந்தால், 'செல் போச்சு' என்பதற்கு முன் 'அடுக்குப் பிரிந்திருக்கிறது' என்று யோசித்திருப்பேன். அதற்கு மருந்து நன்றாகக் குமிழி வரும்வரை சார்ஜ் செய்வதுதான்.

இப்போது ஷார்ட் என்ற சந்தேகத்தை உறுதி செய்ய வேண்டும். ஷார்ட் இல்லாமலே, வெறுமனே பின்தங்கிப்போன செல்லாகவும் இருக்கலாம் என்ற வாய்ப்பை நான் இன்னும் முழுதாக விடவில்லை, 1.85 என்பது மற்ற ஐந்தும் சமம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. உறுதி செய்ய இரண்டு வழி. எளிதானதை முதலில் செய்யுங்கள்.

இடது பேட்டரியைத் தொடரிலிருந்து கழற்றி, 12 வோல்ட் சார்ஜரில் தனியாக ஏற்றுங்கள். இரண்டையும் சேர்த்து ஈக்வலைஸ் (எல்லாச் செல்களும் சமமாகும்வரை வேண்டுமென்றே அதிக வோல்ட்டேஜில் ஏற்றுவது) செய்யாதீர்கள்; ஏற்கனவே வறுபட்டுக்கொண்டிருக்கும் வலது பேட்டரி இன்னும் வறுபடும். 150 ஆம்பியர் மணிக்கு 5 அல்லது 6 ஆம்பியர் போதும். வோல்ட்டேஜ் வரம்பை 15.5 பக்கம் வையுங்கள். மின்னோட்டத்தை மாற்றாமல் ஒரே அளவில் வைத்து, மணிக்கொரு முறை மொத்த வோல்ட்டேஜ், மூன்றாம் செல் கிராவிட்டி, ஒவ்வொரு செல்லுக்கும் நேராகப் பெட்டியின் பக்கவாட்டுச் சூடு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் செல்கள் ஓரத்துச் செல்களைவிட ஓரிரு டிகிரி கூடுதலாக இருப்பது சகஜம். மூன்றாம் செல் நான்காம் செல்லைவிடத் தெளிவாகச் சூடாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஷார்ட் ஆன செல்லில் உள்ளே போகும் மின்சாரம் தகட்டிலும் சேர்வதில்லை, வாயுவாகவும் போவதில்லை. முழுக்க வெப்பமாகத்தான் போயாக வேண்டும். அமிலம் 50 டிகிரியைத் தொட்டால் நிறுத்திவிட்டு ஆறவிடுங்கள்.

இங்கே பொறுமை வேண்டும். 1.140க்கும் 1.240க்கும் இடையில் இருப்பது செல்லின் திறனில் பாதிக்கும் மேல். 80, 90 ஆம்பியர் மணி பாக்கி என்று வைத்துக்கொண்டால் 6 ஆம்பியரில் 15 மணி நேரம் பிடிக்கும். ஒரே மூச்சில் வேண்டாம், இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, குமிழி தொடங்கும்வரை மூன்றாம் செல்லின் மேற்பரப்பு கிராவிட்டி அசையாமலே இருக்கலாம், காரணம் மேலே சொன்ன அடுக்குப் பிரிதல்தான். 'மூணு மணி நேரமா 1.140லேயே நிக்குது' என்று கைவிட்டுவிடாதீர்கள். அந்த நேரத்தில் மொத்த வோல்ட்டேஜைப் பாருங்கள். பின்தங்கிய செல்லாக இருந்தால் மொத்தம் மணிக்கு மணி கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஒரு கட்டத்தில் விறுவிறுவென்று மேலே போய், மூன்றாம் செல்லும் பால் போலக் குமிழி விட ஆரம்பிக்கும். அதற்கப்புறம்தான் கிராவிட்டி மேலே வரும். ஷார்ட்டாக இருந்தால் மொத்தம் ஓரிடத்தில் வந்து சப்பென்று நின்றுவிடும், செல் சூடாகிக்கொண்டே போகும்.

கிராவிட்டி மேலே வந்துவிட்டாலும் உடனே கொண்டாட வேண்டாம். பேட்டரியை எதனோடும் இணைக்காமல் மூன்று நாள் வைத்து, தினமும் ஆறு செல்லையும் அளந்து எழுதுங்கள். ஆன்டிமனி என்ற உலோகம் கலந்த தகடுகளில் இயல்பான சுய இழப்பு உண்டு, ஆனால் மூன்று நாளில் அது ஹைட்ரோமீட்டரில் அநேகமாகத் தெரியாது. ஐந்து செல்களும் அப்படியே நிற்க, மூன்றாவது மட்டும் நாளுக்கு 0.010, 0.020 என்று இறங்கினால் மெல்லிய ஷார்ட் என்பது உறுதி.

இரண்டாவது வழி கொஞ்சம் நுணுக்கமானது. விருப்பம் இருந்தால் செய்யுங்கள். உங்கள் பேட்டரியில் செல்களை இணைக்கும் பாலங்கள் மூடிக்குக் கீழே இருப்பதால் ஒரு செல்லின் வோல்ட்டேஜை நேராக அளக்க முடியாது. ஆனால் சுத்தமான ஈயத் துண்டுகள் இரண்டை மீட்டர் முனைகளில் கட்டி, அடுத்தடுத்த இரு செல்களின் அமிலத்தில் நனைத்தால், அவற்றுக்கிடையே ஏறக்குறைய ஒரு செல் வோல்ட்டேஜ் தெரியும். இரண்டு துண்டும் ஒரே உலோகம் என்பதால் அவற்றின் சொந்த மின்னழுத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். தகட்டைத் தொடக்கூடாது, மீட்டரின் பித்தளை முனையை அப்படியே உள்ளே விடவும் கூடாது, அமிலத்தில் செம்பு கரைந்தால் அது தனி நோய். பாசிட்டிவ் கம்பத்திலிருந்து எண்ணினால், இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் தெரிவது இரண்டாம் செல்லின் நெகட்டிவ் தகடும் மூன்றாம் செல்லின் பாசிட்டிவ் தகடும் சேர்ந்தது. மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் மூன்றாம் செல்லின் நெகட்டிவும் நான்காம் செல்லின் பாசிட்டிவும். சார்ஜில் இந்த இரண்டு இடைவெளிகளில் ஒன்றோ இரண்டுமோ இறங்கியிருந்து, மற்ற இடைவெளிகள் எல்லாம் 2.4க்கு மேல் இருந்தால், நான் கழித்துக் கண்டுபிடித்த 1.85ஐ நேரிலேயே பார்த்த மாதிரி.

இதையெல்லாம் செய்யும்போது செல் மூடியின் துளை (வென்ட்) வழியாக ஹைட்ரஜன் வந்துகொண்டிருக்கும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கக்கூடியது. சார்ஜரை அணைத்துவிட்டு இணைப்பைக் கழற்றுங்கள், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள், கண்ணாடி போடுங்கள், பக்கத்தில் சமையல் சோடா கரைத்த நீர் ஒரு வாளி இருக்கட்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு, விஷம். அதிகமாகச் சூடேறிய செல்லிலிருந்து வரும். சார்ஜை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

உங்கள் பேட்டரியில் இல்லாத, ஆனால் இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு செல்லில் கிராவிட்டி குறைவு, ஆனால் சார்ஜ் வோல்ட்டேஜ் இயல்பு, குமிழியும் இயல்பு என்றால், என்றோ நீரை வழிய வழிய ஊற்றியதில் அமிலம் வெளியே போயிருக்கும். அந்தச் செல்லுக்கு நோய் எதுவும் இல்லை. சார்ஜ் நிறுத்தி ஒரு மணி நேரம்வரை ஒன்றிரண்டு குமிழி வருவது சகஜம், மறுநாளும் சும்மா இருக்கும்போதே குமிழி விட்டால் அசுத்தம் கலந்திருக்கிறது, பெரும்பாலும் குழாய் நீரின் வேலை. எல்லாச் செல்களும் ஒன்றுபோல நீர் அதிகம் குடித்து, சார்ஜின் முடிவில் மின்னோட்டம் இறங்காமல் நின்றால், அது வயதான ஆன்டிமனி பேட்டரியின் குணம்: பாசிட்டிவ் சட்டத்திலிருந்து கரைந்த ஆன்டிமனி நெகட்டிவ் தகட்டில் படிந்து, வாயு கிளம்புவதை எளிதாக்கிவிடுகிறது. புதிதில் முடிவு மின்னோட்டம் திறனில் ஒன்றிரண்டு சதவீதம் என்றால், முதுமையில் அதைவிடப் பல மடங்கு ஆகும். ஓய்வில் 12.6, லோடு போட்டதும் 3 வோல்ட், எடுத்ததும் மறுபடி 12.6 என்று விளையாடினால் உள்ளே பாலம் விட்டுப்போயிருக்கிறது. அதைத் தட்டிப் பார்க்கவோ ஆட்டிப் பார்க்கவோ வேண்டாம். உள்ளே பொறி பறந்தால் பெட்டியே வெடிக்கும்.

நோயே இல்லாத ஒரு விநோதமும் உண்டு. முழுதாக நிரம்பிய பேட்டரியில் லோடு போட்டதும் வோல்ட்டேஜ் ஒரு குழியில் விழுந்து, சில நிமிடங்களில் தானாக மேலேறி, அப்புறம்தான் நிதானமாக இறங்க ஆரம்பிக்கும். பிரெஞ்சில் இதற்குச் சவுக்கடி என்று பொருள்படும் பெயர்: கூ தெ ஃபுவே. மீட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் தெரிகிற விஷயம், பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது ஆசிட் விவகாரம். பேட்டரி காலியாகும்போது இரண்டு வகைத் தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன, அமிலம் தகட்டுக்குள் போகிறது, திரவம் நீர்த்துப்போகிறது. 1882-ல் வேதியியலாளர்கள் கிளாட்ஸ்டனும் டிரைபும் சொன்ன இரட்டை சல்பேட் விளக்கம் இதுதான், இன்றும் மாறவில்லை. ஆகவே 1.140 காட்டும் செல்லில் அமிலம் தொலைந்துபோகவில்லை, தகட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. வெளியிலிருந்து ஆசிட் ஊற்றினால் ஹைட்ரோமீட்டர் மிதவை மேலே வரும், செல்லின் திறன் ஒரு ஆம்பியர் மணிகூட ஏறாது. என்றாவது தகட்டிலிருந்த அமிலமும் வெளியே வந்தால் அந்தச் செல் அளவுக்கு மீறிய அடர்த்தியில் வெந்துபோகும். அதைவிட மோசம், அதற்கப்புறம் அந்தச் செல்லின் கிராவிட்டி எதையுமே சொல்லாது, அதாவது நோயைக் கண்டுபிடிக்க இருந்த ஒரே சாளரத்தை நாமே அடைத்துவிடுகிறோம். வழிந்து போனது நிச்சயம் என்று தெரிந்து, முழு சார்ஜும் ஏறி, அளவு மூன்று முறை மாறாமல் நின்றபின் மட்டுமே ஆசிட்டைத் தொடலாம்.

ஷார்ட் உறுதியானால் காரணம் என்ன? ஒன்று, பாசிட்டிவிலிருந்து உதிர்ந்த பழுப்புத் தூள் அடியில் சேர்ந்து தகடுகளின் கால்களை எட்டியிருக்கலாம். மூன்று வயதில், அதுவும் தூளை உறைக்குள் பிடித்து வைக்கும் டியூபுலரில், இது கொஞ்சம் அபூர்வம். ஹைட்ரோமீட்டர் உறிஞ்சும்போது திரவம் பழுப்பாகக் கலங்கி வந்தால் மட்டும் இதை யோசியுங்கள். இரண்டு, என்றோ ஒரு முறை பேட்டரி அடிமட்டம்வரை காலியாகி நாள் கணக்கில் அப்படியே கிடந்திருக்கலாம். அமிலம் நீர் மாதிரி ஆகிவிட்டால் அதில் ஈய சல்பேட் கொஞ்சம் கரையும். மறுபடி சார்ஜ் ஏறும்போது அது தகடுகளைப் பிரித்து வைக்கும் செப்பரேட்டரின் துளைகளுக்குள் ஈயமாகப் படிந்து, ஆயிரம் மெல்லிய இழைகளாகப் பாலம் போடும். உங்கள் கதையில், மூன்றாம் செல் தினமும் இரவில் பூஜ்யத்துக்குப் போய்வருவதால், முதலில் வெறுமனே பின்தங்கிய செல்லாக இருந்து இந்த வழியில் ஷார்ட் ஆகியிருக்கவும் வாய்ப்பு உண்டு. எப்படியானாலும் பெட்டிக்குள் போய்ச் சரிசெய்ய வழி இல்லை. கவிழ்த்துக் கழுவுவது, மருந்துப் பொடி போடுவது, அதிர்வு கொடுக்கும் கருவி மாட்டுவது எதுவும் செப்பரேட்டரில் வளர்ந்த ஈயத்தை எடுக்காது. கழுவிய அமிலத்தை எங்கே கொட்டுவது என்பது வேறு தலைவலி.

கடைக்காரர் சொன்னபடி இரண்டையும் மாற்ற வேண்டுமா? அதை வலது பேட்டரியிடமே கேளுங்கள். முழுதாக ஏற்றி, ஒரு இரவு ஓய்வு கொடுத்து, 15 ஆம்பியர் லோடில் 10.8 வோல்ட்வரை ஓட்டி நேரம் பாருங்கள். உங்களுடையது 10 மணி நேரக் கணக்கில் 150 ஆம்பியர் மணி என்றால் புதிதில் பத்து மணி நேரம் ஓட வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் அதற்கு இன்னும் வாழ்க்கை இருக்கிறது. அப்போது அதே வகை, அதே அளவு, ஒன்றிரண்டு வருடம் ஓடிய நல்ல பேட்டரி கிடைத்தால் புதியதைவிட அதுதான் பொருத்தமான ஜோடி. புதியது மட்டும்தான் கிடைக்கும் என்றால் அதையே போடலாம், ஆனால் மாதம் ஒருமுறை சார்ஜின் முடிவில் இரண்டு பேட்டரிகளின் வோல்ட்டேஜையும் தனித்தனியாக அளந்து எழுதி வையுங்கள், வித்தியாசம் 0.2ஐத் தாண்டினால் குறைந்ததை மட்டும் தனியாக ஏற்றுங்கள். எட்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஓடினால் கடைக்காரர் சொன்னது சரிதான், காரணம் வேறாக இருந்தாலும்.

மூன்று நாள் ஓய்வுச் சோதனையில் மூன்றாம் செல் 1.220க்கு மேலே வந்து, அங்கேயே அசையாமல் நின்றுவிட்டால், நான் மேலே சொன்ன ஷார்ட் சந்தேகம் தவறு. இடது பேட்டரியை அப்படியே திருப்பி மாட்டுங்கள். கன்ட்ரோலரில் 28.8 என்பதை 29.2க்கு ஏற்றி, வெப்பத் திருத்தம் செல்லுக்கு டிகிரிக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.